ஆரம்ப நிலை இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்: அறுவைக்குப் பிறகு ஆயுள் எவ்வளவு?

கேட்டது இது. அம்மாவுக்கு 58 வயது. இரைப்பையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "அஞ்சு வருஷ சர்வைவல் தொண்ணூறு சதவீதத்துக்கு மேலே" என்று டாக்டர் சொன்னது அம்மா காதில் "அஞ்சு வருஷம்தான்" என்று விழுந்து, அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இன்னொரு பக்கம், உணவுக்குழாயில் "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த" சித்தப்பா, அறுவை நடந்த மூன்றாம் வருஷமே போய்விட்டார். எதை நம்புவது?

முதலில் அம்மா விஷயம். ஐந்து வருஷம் என்பது அவருக்கு விதித்த கெடு என்று எந்த டாக்டரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சொற்றொடரை விளக்காமல் விட்டால் பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது மருத்துவமனைகளும் புற்றுநோய்ப் பதிவேடுகளும் கணக்கெடுக்க வைத்துக்கொண்ட ஓர் எல்லைக்கோடு, அவ்வளவுதான். அறுவை செய்த 100 பேரை எடுத்துக்கொண்டு, ஐந்தாம் வருஷம் முடியும் நாளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அந்த நாளுக்கு அடுத்த நாளும் அவர்கள் இருப்பார்கள்; பத்து வருஷம், இருபது வருஷம் கழித்தும் பலர் இருப்பார்கள். எண்ணுவதைத்தான் அங்கே நிறுத்துகிறார்கள். ஏன் ஐந்து? இந்த இரண்டு புற்றுநோய்களும் திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருஷங்களுக்குள் வந்துவிடும். ஐந்தைத் தாண்டினால் அந்தப் பழைய கட்டியே திரும்ப வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அம்மாவின் நிலைக்கு மிக நெருக்கமான எண் ஒன்று இருக்கிறது. தென்கொரியாவில் முதல் நிலை இரைப்பைப் புற்றுநோய் உள்ள 1,416 பேரைச் சேர்த்து, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருஷ முடிவு 2019-ல் வெளியானது. லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 94.2 சதவீதம், திறந்து செய்தவர்களில் 93.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இதைவிட முக்கியமான வரி அதற்குக் கீழே இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பை மட்டும் கணக்கிட்டால் இரண்டு பிரிவிலும் பிழைத்தவர்கள் சுமார் 97 சதவீதம். அதாவது நூற்றில் இறந்த ஆறேழு பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தது மாரடைப்பு போன்ற வேறு காரணத்தால், இந்தப் புற்றுநோயால் அல்ல. அந்த வயதில் உள்ள எந்த 100 பேரை எடுத்துக்கொண்டாலும் ஐந்து வருஷத்தில் இரண்டு மூன்று பேர் இறக்கத்தான் செய்வார்கள். அம்மாவிடம் இதை இப்படியே சொல்லலாம்: "உன்னை மாதிரி அறுவை செஞ்சுக்கிட்ட நூறு பேர்ல தொண்ணூற்றேழு பேரை இந்த நோய் அஞ்சு வருஷத்துல கொண்டுபோகல. அதுக்கு அப்புறம் பயம் இன்னும் குறையும், கூடாது."

"இன்னும் குறையும்" என்பது ஆறுதலுக்குச் சொல்வதல்ல, கணக்கு. இதைக் காட்ட வேண்டுமென்றே கடினமான உதாரணம் ஒன்றை எடுக்கிறேன். நெதர்லாந்தில் நடந்த கிராஸ் ஆய்வு, அம்மாவுக்கு வந்ததைவிட முற்றிய உணவுக்குழாய் நோய் உள்ளவர்களிடம் செய்யப்பட்டது. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு அறுவை செய்தவர்களில் 5 வருஷம் தாண்டியவர்கள் 47 சதவீதம். 10 வருஷம் தாண்டியவர்கள் 38 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சோர்வு தரும் எண்கள். ஆனால் ஐந்தாம் வருஷத்தில் நிற்கும் ஒருவரின் கண்ணால் பாருங்கள்: அங்கு வந்து சேர்ந்த 47 பேரில் 38 பேர் அடுத்த ஐந்து வருஷத்தையும் கடந்திருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பேர். முதல் ஐந்து வருஷத்தில் பாதிக்கும் குறைவாக இருந்த வாய்ப்பு, இரண்டாவது ஐந்தில் 80 சதவீதமாகிவிட்டது. நோயைக் கண்டுபிடித்த அன்று சொன்ன சதவீதத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வருஷம் தாண்டும்போதும் அது புதிதாகக் கணக்கிட வேண்டிய எண்.

சரி, சித்தப்பா?

இங்கேதான் "ஆரம்பம்" என்ற வார்த்தை எல்லோரையும் குழப்புகிறது. இரைப்பையைப் பொறுத்தவரை "ஆரம்ப நிலைப் புற்றுநோய்" என்பதற்கு 1962-லேயே ஜப்பானிய எண்டோஸ்கோப்பி சங்கம் கறாரான வரையறை வைத்துவிட்டது. இரைப்பைச் சுவரின் உட்புறத்தில் சளிப்படலம், அதற்கு அடியில் சளியடிப் படலம், பிறகு தசை, கடைசியில் வெளியுறை. கட்டி முதல் இரண்டு படலங்களைத் தாண்டவில்லை என்றால் அது ஆரம்ப நிலை. கவனியுங்கள், நிணநீர் முடிச்சுக்குப் போனதா இல்லையா என்பதை அந்த வரையறை பார்ப்பதே இல்லை. ஆழம் மட்டும்தான். உணவுக்குழாய் விஷயத்தில் இந்த வார்த்தை இன்னும் தளர்வாகப் புழங்குகிறது. "ஈரலுக்குப் போகவில்லை, அறுவை செய்ய முடியும்" என்பதையே குடும்பத்தாரிடம் "ஆரம்பம்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். நோக்கம் தைரியம் கொடுப்பது. விளைவு, பின்னால் வரும் இந்த மாதிரிக் கேள்விகள். தசையைத் துளைத்து, இரண்டு மூன்று முடிச்சுகளில் பரவிய நோயைக்கூட அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சித்தப்பாவின் ரிப்போர்ட் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவருக்கு வந்ததும் அம்மாவுக்கு வந்ததும் ஒரே படியில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

ஒரே படியில் இருந்தாலும் இரண்டு உறுப்புகளும் ஒன்றல்ல. உணவுக்குழாயில் நிணநீர்க் குழாய்கள் சளிப்படலத்துக்குள்ளேயே ஏறி வந்திருக்கும். சளியடிப் படலத்தில் அவை அடர்ந்த வலையாக, கழுத்திலிருந்து வயிறு வரை நீளவாக்கில் ஓடும். கட்டி கொஞ்சம் ஆழம் போனாலே செல்கள் அந்த வலையில் ஏறி, கழுத்துப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ தொலைவில் உள்ள முடிச்சில் போய் உட்கார முடியும். போதாததற்கு, இரைப்பையைப் போர்த்தியிருக்கும் வெளியுறை உணவுக்குழாய்க்குப் பெரும்பகுதியில் கிடையாது. அதனால் ஒரே அளவு ஆழத்துக்கு ஆபத்து வேறுபடுகிறது. சளிப்படலத்தோடு நின்ற இரைப்பைக் கட்டியில் முடிச்சுக்குப் பரவியிருப்பது 100-ல் இரண்டு மூன்று பேருக்கு. சளியடிப் படலத்தைத் தொட்டால் சுமார் 15 முதல் 20 பேருக்கு. உணவுக்குழாயில் சளிப்படலத்தின் மேற்பகுதியோடு நின்றால் அதுவும் மிகக் குறைவுதான், ஆனால் சளியடிப் படலத்துக்குள் இறங்கிவிட்டால் நான்கில் ஒருவருக்கோ அதற்கு மேலோ முடிச்சில் இருக்கும்.

மேலோட்டமாக நின்ற கட்டிகளுக்கு இப்போது அறுவையே தேவைப்படாமல் எண்டோஸ்கோப்பி வழியாக அந்த இடத்தை மட்டும் உரித்தெடுப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. முடிச்சுக்குப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தால் முடிச்சுகளை எடுக்க வேண்டியதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த இரைப்பை நோயாளிகளில் அப்படி உரித்தெடுத்து 5 வருஷம் பார்த்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 97 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அம்மாவுக்கு அது செய்யவில்லை என்றால் கட்டியின் ஆழமோ அகலமோ செல் வகையோ அதற்கு இடம் கொடுத்திருக்காது.

அதற்காக உணவுக்குழாய் என்றாலே கதை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். சளியடிப் படலம் வரை போன, முடிச்சுக்குப் பரவாத செதிள்செல் வகை (உணவுக்குழாயின் உட்புறத்தை மூடும் தட்டையான செல்களில் தொடங்குவது) நோயாளிகளை ஜப்பானில் தொடர்ந்து பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவுக்குழாயை அறுத்து எடுத்தவர்களில் 5 வருஷம் பிழைத்தவர்கள் 86.5 சதவீதம். அறுவையில்லாமல் கீமோவும் கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டவர்களில் 85.5 சதவீதம். இதே உணவுக்குழாய்க்கு அமெரிக்கப் பதிவேட்டில் "உறுப்போடு நின்ற நோய்" என்ற பகுப்பைத் தேடினால் சுமார் பாதிப்பேர் என்றுதான் வரும். இரைப்பைக்கு அதே பகுப்பில் சுமார் முக்கால்வாசிப் பேர். ஏன் இவ்வளவு இடைவெளி? அந்தப் பகுப்பில் தசைக்குள் போன கட்டியும் உண்டு, இதயமும் நுரையீரலும் தாங்காது என்று அறுவையே செய்யாதவர்களும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு அழுவதற்கு முன்னால், அது யாருடைய எண் என்று கேளுங்கள். இன்னொரு கோணமும் இருக்கிறது. ஜப்பானில் சளிப்படலத்துக்குள் அடங்கிய சில மாற்றங்களைப் புற்றுநோய் என்றே எழுதுவார்கள். மேற்கு நாடுகளில் அதையே "முற்றிய செல்மாற்றம்" என்று எழுதிப் புற்றுநோய்க் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஜப்பானிய எண்கள் பளபளப்பதற்கு அவர்களின் திறமை பெரும் காரணம்தான், இந்த எழுத்து வழக்கத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆக, அம்மாவுக்கு உரிய எண் அவருடைய பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கிறது. முதலில் எடுத்த சின்னத் துணுக்கின் ரிப்போர்ட்டைச் சொல்லவில்லை. அறுவையில் எடுத்த முழுப் பகுதியையும் வெட்டிப் பார்த்து எழுதிய, இரண்டு மூன்று பக்கம் இருக்கும் ரிப்போர்ட். நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. அதில் டி (T) என்ற எழுத்தோடு ஓர் எண் வரும். டி1ஏ (T1a) என்றால் சளிப்படலம், டி1பி (T1b) என்றால் சளியடிப் படலம். எழுத்துக்கு முன்னால் பி (p) என்று ஒட்டியிருந்தால் நேரில் வெட்டிப் பார்த்துச் சொன்னது, சி (c) என்றிருந்தால் ஸ்கேனை வைத்து ஊகித்தது. அடுத்து முடிச்சுகள். இங்கே எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். "0/28" என்று இருந்தால் 28 முடிச்சுகளை எடுத்துப் பார்த்து ஒன்றிலும் இல்லை என்று பொருள். நல்ல செய்தி. "0/5" என்று இருந்தால்? பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தான், ஆனால் தேடியதே ஐந்தில்தான். குறைந்தது 15 அல்லது 16 முடிச்சுகளையாவது பார்த்திருந்தால்தான் "பரவவில்லை" என்ற சொல்லுக்குக் கனம் உண்டு. பிறகு, வெட்டிய ஓரங்களில் செல் இல்லை என்பதைக் குறிக்கும் ஆர்0 (R0). கடைசியாக, இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ செல்கள் நுழைந்திருந்தனவா என்ற வரி. சின்ன வரிதான். ஆனால் டி1பி நோயாளியை அடுத்த இரண்டு வருஷம் எவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பலருக்கு வெளியே சொல்லாத இன்னொரு பயம் உண்டு: வயிறே இல்லாமல் எத்தனை நாள் தள்ள முடியும்? இதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. 1897-ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக எடுத்தார். அந்தப் பெண் ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, நோய் திரும்பித்தான் இறந்தார். 1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் ஒரு பெண்ணின் மார்புப் பகுதி உணவுக்குழாயை எடுத்தார். மீண்டும் இணைக்கும் வழி அப்போது கிடையாது. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைக்க உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்த அம்மாள் அதன் வழியாகவே சாப்பிட்டுக்கொண்டு 12 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். உறுப்பு போனதால் ஆயுள் குறைவதில்லை. உறுப்பு போனபின் உடம்பு கேட்கிற சில விஷயங்களைக் கொடுக்காமல் விட்டால் குறையும். ஆரம்ப நிலை நோயில் பிழைத்தவர்களுக்கு நீண்ட காலத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

முதல் இடம் வைட்டமின் பி12. உணவில் உள்ள பி12 உடம்பில் சேர, இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அதனோடு ஒட்டிக்கொண்டுதான் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படும். முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்கு அந்தப் புரதம் அறவே இல்லை. பாதியோ மூன்றில் இரண்டோ எடுத்தவர்களுக்கு மீதி இருப்பது போதலாம், போதாமலும் போகலாம். பிரச்சினை என்னவென்றால் ஈரலில் பி12 சேமிப்பு இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை தாங்கும். ஆகவே அறுவை முடிந்த முதல் வருஷம் ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேன் இடைவெளியை நீட்டி, "இனி வருஷம் ஒருமுறை வந்தால் போதும்" என்று சொல்லும் நேரத்தில்தான் அது தீரத் தொடங்கும். பாதங்களில் மதமதப்பு, இருட்டில் நடக்கத் தடுமாற்றம், நாக்கு எரிச்சல், மறதி. இதை வயசானதன் கோளாறு என்றோ சர்க்கரை நோயின் நரம்புக் கோளாறு என்றோ வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் திரும்பாது.

இதில் ஒரு நுணுக்கம் டாக்டர்களையும் ஏமாற்றும். பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெரிதாகும்; இரும்புச்சத்து குறைந்தால் சிறிதாகும். இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு அமிலம் குறைவதாலும், பல வகை இணைப்பில் உணவு முன்சிறுகுடல் வழியே போகாததாலும் இரும்பும் சேர்ந்தே குறையும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சிவப்பணுவின் சராசரி அளவு கச்சிதமாக நார்மல் என்று வந்து நிற்கும். ஹீமோகுளோபின் மட்டும் இறங்கியிருக்கும். அதனால் ரத்த எண்ணிக்கையோடு பி12-ம், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முழு இரைப்பையும் எடுத்திருந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் 1,000 மைக்ரோகிராம் ஊசி, மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ, ஆயுள் முழுக்க. அதிக அளவு மாத்திரையும் வேலை செய்யும், தவறாமல் விழுங்கினால். அம்மாவைப் போல ஒரு பகுதி எடுத்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு சோதனை, குறைந்தால் உடனே ஊசி. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ நாள்கணக்கில் எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் குறையும்.

எலும்பு அடுத்தது. கால்சியம், வைட்டமின் டி இரண்டும் சரியாக உறிஞ்சப்படாது. பத்து வருஷம் கழித்து புற்றுநோய் இல்லாத ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால், அந்த முறிவுக்கும் பழைய அறுவைக்கும் உள்ள தொடர்பை யாரும் யோசிப்பதில்லை. கால்சியம் மாத்திரை எடுப்பதாக இருந்தால் சிட்ரேட் வகை நல்லது. கார்பனேட் வகை கரைய அமிலம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒருமுறையாவது எடுத்துவிடுவது நல்லது.

எடை குறைவது எல்லோரையும் மிரட்டும். அறுவைக்குப் பிறகு பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைவது சாதாரணம். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் இறங்கி, பிறகு ஒரு இடத்தில் நின்றுவிடும். பழைய எடைக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் கேட்பது "எவ்வளவு குறைந்தது" என்பதைவிட "எப்போது குறைந்தது" என்பதைத்தான். ஒரு வருஷம் நிலையாக நின்ற எடை காரணமில்லாமல் மறுபடி இறங்கினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

அப்புறம், சாப்பிட்டவுடன் வரும் தொந்தரவு. இரைப்பை சிறிதாகிவிட்டதால், அல்லது இல்லாததால், உணவு மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுகிறது. இனிப்பான பானம் ஒரு டம்ளர் குடித்திருப்பார். பத்து இருபது நிமிஷத்தில் வயிறு இரைந்து, நெஞ்சு படபடத்து, முகம் சிவந்து, உடம்பு வியர்த்து, அப்படியே படுத்துவிடத் தோன்றும். சிலருக்கு அது இரண்டாவது தடவையாக ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். உறிஞ்சப்பட்ட சர்க்கரைக்கு உடம்பு அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்துவிட, ரத்தச் சர்க்கரை சரிந்து கை நடுங்கும்; மயக்கமே வரலாம். வண்டி ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாரடைப்பு என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் உண்டு. ஒருநாள் உணவை ஆறு சின்ன வேளைகளாகப் பிரிப்பது, புரதத்தை முன்னிறுத்துவது, இனிப்புப் பானங்களை விலக்குவது, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரைமணி தள்ளிக் குடிப்பது: பெரும்பாலோருக்கு இது போதும். மாதங்கள் போகப் போக உடம்பும் பழகிக்கொள்ளும்.

சாப்பிட்டதும் கொஞ்சம் சாய்ந்து படுத்தால் இந்தத் தொந்தரவு குறையும் என்று இரைப்பை அறுவை செய்தவர்களுக்குச் சொல்வதுண்டு. அதை உணவுக்குழாய் அறுவை செய்தவர் கேட்டுவிட்டுச் செய்தால் ஆபத்து. அவருக்கு இரைப்பையைக் குழாயாக்கி மார்புக்குள் இழுத்து இணைத்திருப்பார்கள். நடுவில் இருந்த இயற்கையான வால்வு போய்விட்டது. படுத்தால் உள்ளே இருப்பது தொண்டைக்கு வரும், தூக்கத்தில் நுரையீரலுக்குள்ளும் போகும். புற்றுநோய் முழுக்கக் குணமானவரையும் இப்படி வரும் நிமோனியா கொண்டுபோயிருக்கிறது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாடு. இதில் சமரசமே கிடையாது. இணைத்த இடம் தழும்பு பிடித்துச் சுருங்குவதும் இவர்களுக்குச் சகஜம். முதல் சில மாதங்களில் விழுங்கச் சிரமம் என்றால் பெரும்பாலும் அது தழும்புதான், பலூன் வைத்து விரித்துவிடலாம். ஒரு வருஷம் நன்றாக விழுங்கியவருக்குப் புதிதாக அடைத்தால் அதைத் தழும்பு என்று ஊகிக்காமல் எண்டோஸ்கோப்பி செய்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி கண்காணிப்பு. முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருஷம் வரை ஆறு மாதமோ ஒரு வருஷமோ, இதுதான் பொதுவான நடைமுறை. இதில் என் கருத்து ஒன்று உண்டு, எல்லா டாக்டரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன். டி1, முடிச்சில் இல்லை, ஓரங்கள் சுத்தம் என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேனும் மாதாமாதம் கட்டிக் குறியீட்டு ரத்தப் பரிசோதனையும் ஆயுளைக் கூட்டியதாக எந்த ஆய்வும் நிறுவியதில்லை. தேதி நெருங்க நெருங்க வீடே தூக்கம் கெடுவதுதான் கண்ட பலன். ஆனால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மிச்சம் இருக்கும் இரைப்பையும் அதே சூழ்நிலையில் பல பத்தாண்டுகள் இருந்த சுவர்தான். பழைய கட்டி திரும்பாவிட்டாலும் அதில் புதிதாக ஒன்று முளைக்கலாம், பத்து வருஷம் கழித்துக்கூட. எண்டோஸ்கோப்பியில் மறுபடி ஆரம்பத்திலேயே பிடித்தால் மறுபடி குணப்படுத்தலாம். ஐந்தாம் வருஷத்தோடு எண்டோஸ்கோப்பிக்கும் முழுக்குப் போட்டுவிடுவதைத்தான் நான் தவறு என்பேன்.

புதிதாக முளைப்பதைக் குறைக்க ஒரு வழியும் உண்டு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பைப் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களில் ஒன்று; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அப்படி வகைப்படுத்தியது. ஆரம்ப நிலைக் கட்டியை எண்டோஸ்கோப்பியில் உரித்தெடுத்த 470 பேரிடம் தென்கொரியாவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், பாக்டீரியாவை மருந்தால் அழித்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்கும், அழிக்காதவர்களில் 13.4 சதவீதம் பேருக்கும் புதிய கட்டி வந்தது. கிட்டத்தட்ட பாதி. மருந்து ஓரிரு வாரம்தான். அம்மாவுக்கு இந்தச் சோதனை செய்தார்களா, பாக்டீரியா இருந்து மருந்து கொடுத்திருந்தால் அது போய்விட்டதா என்று மறுசோதனை செய்தார்களா? இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இருப்பதில்லை.

உணவுக்குழாயின் செதிள்செல் வகை வந்தவர்களுக்கு இதே இடத்தில் புகையும் மதுவும் வருகின்றன. வாய், தொண்டை, நுரையீரல் எல்லாம் அதே புகையைக் கண்டவை, இன்னொரு புற்றுநோய் அங்கே வரலாம். அறுவை முடிந்து இரண்டு வருஷம் ஆயிற்று, ஒன்றும் இல்லை என்று திரும்பத் தொடங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சலை எழுத முடியாது.

முடிச்சில் பரவியவர்கள் இதைப் படித்தால், ஒன்று மட்டும். நீங்கள் இப்போது தேடிப் படிக்கும் நீண்டகால எண்கள் எல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னால் அறுவை செய்துகொண்டவர்களுடையவை. 2019-க்குப் பிறகு அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் நான்கு மருந்து கீமோ முறை, 2021-லிருந்து உணவுக்குழாய் அறுவைக்குப் பின் கொடுக்கும் நோயெதிர்ப்பு மருந்து என்று சிகிச்சை மாறிவிட்டது. உணவுக்குழாயின் சுரப்பிசெல் வகையில் அந்தக் கீமோவையும் பழைய கீமோ-கதிர்வீச்சு முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஜெர்மன் ஆய்வில் சராசரி ஆயுள், இடைநிலைக் கணக்கில், 37 மாதத்திலிருந்து 66 மாதமாகக் கூடியது. இன்னும் அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கு: அந்த மருத்துவமனையில் வருஷத்துக்கு இத்தகைய அறுவை எத்தனை நடக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 2002-ல் அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவை ஆராய்ந்தபோது, உணவுக்குழாய் அறுவை மிக அரிதாக நடக்கும் இடங்களில் இறப்பு சுமார் 20 சதவீதம், அதிகம் நடக்கும் இடங்களில் சுமார் 8 சதவீதம் என்று தெரிந்தது. இன்று இரண்டுமே குறைந்திருக்கின்றன, ஆனால் அந்த இடைவெளி போய்விடவில்லை.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கு வந்திருப்பதால், பிள்ளைகளுக்கும் அவருடன் பிறந்தவர்களுக்கும் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு. அடிப்படை வாய்ப்பே சிறியது என்பதால் பதற வேண்டாம். எல்லோரும் பைலோரி சோதனை செய்துகொள்ளுங்கள், இருந்தால் மருந்து எடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறை எண்டோஸ்கோப்பி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ரிப்போர்ட்டில் "பரவல் வகை" அல்லது "முத்திரை மோதிர செல்" என்று எழுதியிருந்து, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் வேறு யாருக்காவது இரைப்பைப் புற்றுநோயோ, ஒரு குறிப்பிட்ட வகை மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால் மட்டும் சிடிஎச்1 என்ற மரபணுவைச் சோதிக்க வேண்டுமா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். சித்தப்பாவின் நோயை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அது வேறு உறுப்பு, அவர் அம்மாவுக்கு ரத்த உறவும் அல்ல.